கறுப்பில் மட்டும் தெரிந்த கை

அந்தப் பேனரைத் தரையில் விரித்துப் பார்த்தபோது நல்ல உச்சி வெயில். ராஜபாளையத்தில் நான் வேலை பார்த்த கடையின் பின்கூடத்தில், ஓட்டு இடுக்குகளின் வழியாக வெளிச்சம் துண்டு துண்டாக விழுந்துகொண்டிருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூரில் இறந்துபோன ஒரு வாத்தியாருக்கான கண்ணீர் அஞ்சலி அது. முழுக் கறுப்புப் பின்னணி, நடுவில் அவருடைய மார்பளவுப் படம், கீழே வெள்ளை எழுத்து. ஏதோ ஒரு கல்யாண வீட்டில் எடுத்த போட்டோவிலிருந்து, பக்கத்தில் நின்றவர்களையெல்லாம் கம்ப்யூட்டரில் அழித்துவிட்டு அவரை மட்டும் அந்தக் கறுப்பில் நிறுத்தியிருந்தேன். மெஷினிலிருந்து வெளியே வந்தபோது அவர் தனியாக இல்லை. இடது தோளுக்குச் சற்று மேலே, கறுப்புக்குள்ளிருந்து ஒரு கை வெளிறித் தெரிந்தது. விரல்கள் விரிந்து, தோளில் வைக்கப் போகிற மாதிரி, அல்லது வைத்துவிட்டு அப்போதுதான் எடுத்த மாதிரி.

நான் சரியாக அழிக்கவில்லை என்றுதான் முதலில் எல்லோரும் நினைத்தார்கள். நானும் அப்படித்தான் நினைத்து ஓடிப்போய்க் கம்ப்யூட்டரில் அந்த இடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். வெறும் கறுப்பு. ஒரு புள்ளிகூட இல்லை. திரும்பி வந்து குனிந்து பார்த்தால், கை அங்கேயேதான் இருந்தது. அது அச்சான கை இல்லை. இங்க் ஒட்டாமல் விட்டுப்போன இடம் கையின் உருவத்தில் இருந்தது. உள்ளங்கை ரேகைகூட மங்கலாகத் தெரிந்தது.

தொண்ணூறுகளின் கடைசி வருடங்கள் அவை. ஸ்ரீவில்லிபுத்தூரில் கம்ப்யூட்டர் டிசைன் படித்துவிட்டு, தினமும் டவுன் பஸ்ஸில் ராஜபாளையம் போய் அந்தக் கடையில் வேலை பார்த்தேன். கூடத்தின் அகலத்துக்கு நின்ற பெரிய மெஷின், சென்னையில் யாரோ ஓட்டிப் பழசாக்கியதை எங்கள் முதலாளி வாங்கி வந்திருந்தார். பூச்சு பூசிய வினைல் ரோலை மாட்டிவிட்டால், இங்க் தெளிக்கிற ஹெட் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஓடி ஓடிப் படத்தை வரி வரியாக இறக்கும். அந்த இடம் முன்பு ஆஸ்பத்திரிக் கட்டுத்துணி சுற்றும் யூனிட்டாக இருந்தது. முதலாளியின் அப்பா நடத்தியது. அவர் காலமான பிறகு யூனிட்டை மூடி, மகன் அச்சுக்கடை ஆக்கினார். ஆனால் அப்பாவின் பேரில் இருந்த பெயர்ப்பலகையை மாற்றவில்லை. கூடத்துக்குள் எத்தனை முறை வெள்ளையடித்தாலும் மழைக்காலத்தில் சுவரிலிருந்து பிளீச்சிங் வாசனை வரும். முன்னறையில் இரண்டு படங்கள் மாலையோடு தொங்கின. ஒன்று முதலாளியின் அப்பா. மற்றது முதலாளியின் அக்கா. இருபது வயதை ஒட்டிய முகம், இரட்டைச் சடை, சிரிக்கலாமா வேண்டாமா என்று யோசித்துக்கொண்டிருக்கும்போது எடுத்துவிட்ட படம்.

முதலாளியைப் பற்றி எழுத உட்கார்ந்தால் முதலில் நினைவுக்கு வருவது அவர் பேசாமல் இருந்த விதம்தான். வீட்டில் தெலுங்கு, கடையில் தமிழ், இரண்டிலும் சொற்பம். கோபம் வந்தால் முன்னறைக்குப் போய் ஃபேனுக்கு அடியில் நிற்பார். சந்தோஷம் வந்தாலும் அங்கேதான். அன்றைக்கு அவர் மெஷின் பாகம் ஒன்று வாங்க மதுரைக்குப் போயிருந்தார். மறு அச்சுப் போட ரோலும் கையிருப்பில் இல்லை. வாத்தியார் வீட்டில் மறுநாள் காலை காரியம். என்ன செய்வதென்று தெரியாமல், மெஷின் ஓட்டியவர், நான் அண்ணன் என்று கூப்பிடுகிறவர், அந்தக் கையின்மேல் கறுப்பு மார்க்கரால் தடவிப் பார்த்தார். மார்க்கரும் அங்கே ஒட்டவில்லை. எண்ணெய்த் தாளில் எழுதினது மாதிரி வழுக்கிக்கொண்டு போனது.

சாயங்காலம் வாத்தியாரின் மனைவியே தன் தம்பியோடு வந்துவிட்டார். மன்னிப்புக் கேட்டுக்கொண்டே விரித்துக் காட்டினோம். தம்பி சத்தம் போடத் தொடங்கினார். அந்த அம்மா அவரைக் கையமர்த்திவிட்டு, தரையில் உட்கார்ந்து வெகு நேரம் பார்த்தார். பிறகு விரல் நுனியால் அந்தக் கையின் ஓரத்தைத் தொட்டார்.

"இருக்கட்டும். அவிய தனியாப் போகலைன்னு நெனச்சுக்கிடுதேன்," என்றார்.

அதற்கப்புறம் அந்தப் பேனரை அவர்கள் சுருட்டி எடுத்துக்கொண்டு போனார்கள். அவர் சொன்னது ஆறுதல் வார்த்தைதான். ஆனால் அந்தக் கை நிஜமாகவே யாரோ ஒருவருடையது என்பதை அவர் எங்களுக்கு முன்னால் ஒப்புக்கொண்டுவிட்டார்.

மெஷின் ஓட்டிய அண்ணன் பயந்த சுபாவம் இல்லை. வரி விழுந்தால் ஹெட்டின் துளை அடைத்திருக்கிறது, நிறம் மங்கினால் இங்க் குழாயில் காற்று புகுந்திருக்கிறது, எழுத்து இரட்டையாகத் தெரிந்தால் ஹெட் போகிற வழிக்கும் வருகிற வழிக்கும் ஒத்துப்போகவில்லை. எல்லாவற்றுக்கும் அவரிடம் ஒரு காரணமும் ஒரு வைத்தியமும் இருந்தன. புது ரோல் வந்ததும் ஹெட்டைக் கழுவினார், சோதனைக் கட்டங்கள் போட்டுப் பார்த்தார். ஒரு துளைகூட விடுபடவில்லை. தன் கைதான் பட்டிருக்கும் என்று சோப்புப் போட்டுக் கழுவி, ரோல் மாட்டும்போது துணியால் பிடித்துக்கொண்டார். ஒரு ஜவுளிக்கடைக்கு ஆடித் தள்ளுபடி பேனர் ஓட்டினோம். மஞ்சளும் சிவப்புமாக அழகாக வந்தது. ஓரத்தில் கருநீலப் பட்டை ஒன்று வைத்திருந்தேன். அந்தப் பட்டையில் மட்டும் கை. பக்கத்திலேயே இன்னொன்று. இளம் நிறங்களில் அது எங்கே ஒளிந்துகொள்கிறதோ தெரியாது. இருட்டு நிறம் வந்தால் எழுந்து வந்துவிடும்.

அண்ணன் தன் கையை அதன்மேல் வைத்துப் பார்த்தார். அவருடையது பெரிது. நான் வைத்துப் பார்த்தேன். உள்ளங்கை ஏறக்குறைய என் அளவுதான். ஆனால் மோதிர விரலும் சுண்டு விரலும் பாதியிலேயே முடிந்துவிட்டன. முதலில் இங்க் பரவியதால் அப்படித் தெரிகிறது என்று நினைத்தோம். பக்கத்துக் கையைப் பார்த்தோம். அதிலும் அதே இரண்டு விரல்கள், அதே அளவுக்குக் குட்டை.

கடையில் கூட்டிப் பெருக்க, நாங்கள் மதினி என்று கூப்பிடும் ஒருவர் வருவார். கட்டுத்துணி யூனிட் இருந்த காலத்தில் அங்கேயே வேலை பார்த்தவர். நாங்கள் குனிந்து நிற்பதைப் பார்த்து அவரும் வந்து எட்டிப் பார்த்தார். பார்த்ததும் விளக்குமாற்றைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டார். நான் கேட்கக் கேட்க, மெல்ல மெல்லத்தான் சொன்னார். முதலாளியின் அக்காவும் அவரும் இதே கூடத்தில் பக்கத்துப் பக்கத்தில் நின்று துணி சுற்றியவர்கள். முதலாளி வீட்டுப் பெண் என்ற நினைப்பே இல்லாமல் கூடவே உட்கார்ந்து சாப்பிடுமாம். ஒருநாள் துணி வெட்டுகிற மெஷினில் அந்தப் பெண்ணின் வலது கை சிக்கிக்கொண்டது. அந்த இரண்டு விரல்கள்தான். மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். கொஞ்ச நாள் கழித்து அப்பா மட்டும் திரும்பி வந்தார். கை செப்டிக் ஆகிப் பிள்ளை போய்ச் சேர்ந்துவிட்டது, அங்கேயே முடித்துவிட்டு வந்துவிட்டேன் என்றார். கருமாதிச் சோற்றை மதினியும் தின்றிருக்கிறார்.

"செத்தும் இந்த எடத்த விட்டுப் போகல பாத்தியா," என்றார் மதினி. மறுநாளிலிருந்து அவர் வேலைக்கு வரவில்லை. ஆள் அனுப்பியதற்கு, கூலி அதிகமாகத் தந்தாலும் அந்தக் கூடத்துக்குள் கால் வைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டார்.

முன்னறையைத் தாண்டித்தான் என் இடத்துக்குப் போக வேண்டும். அதற்குப் பிறகு அந்த இரட்டைச் சடைப் படத்தைப் பார்க்காமல் தாண்டுவது எனக்குப் பெரிய வேலையாகிவிட்டது. மத்தியான நேரத்தில் கரண்ட் போனால், மெஷின் பாதிப் படத்தில் நின்றுவிடும். அந்த அமைதியில் கூடத்தின் ஓடுகள் வெயிலில் விரிந்து டக் டக் என்று சத்தம் போடும். அண்ணனும் நானும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் எழுந்து வெளியே டீக்கடைக்குப் போய்விடுவோம்.

மதுரையிலிருந்து திரும்பிய முதலாளியிடம் நடந்ததைச் சொன்னோம், மதினி சொன்னதைத் தவிர. வாத்தியார் வீட்டில் நேரில் வருத்தம் சொல்வதற்காக அவர் ஸ்ரீவில்லிபுத்தூர் வந்தார். வீடு தெரியாது என்று என்னைக் கூட்டிக்கொண்டார். தேர் நிற்கிற பக்கத்தில் ஒரு தெருமுனையில் அந்தப் பேனரைக் கட்டியிருந்தார்கள். அதற்குள் ஊருக்கே சேதி தெரிந்து, போகிறவர்கள் வருகிறவர்கள் எல்லோரும் நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். சிலர் கன்னத்தில் போட்டுக்கொண்டதையும் பார்த்தேன். முதலாளி தலை நிமிர்ந்து பார்த்தார். காற்றில் வினைல் ஊதி அடங்கும்போதெல்லாம் அந்தக் கை வாத்தியாரின் தோளைத் தொட்டுத் தொட்டு விலகியது. முதலாளியின் முகத்தில் அப்போது வந்த நிறத்தை நான் அதற்கு முன்பும் பின்பும் எந்த மனிதர் முகத்திலும் பார்த்ததில்லை. வாத்தியார் வீட்டுக்குள் போகவே இல்லை. என்னை அங்கேயே விட்டுவிட்டுப் பஸ் ஏறிப் போய்விட்டார்.

மறுநாளிலிருந்து அவர் மெஷினைப் பிடித்துக்கொண்டார். ஹெட்டை மாற்று என்றார், மாற்றினோம். இங்க்கை மாற்று என்றார், மாற்றினோம். கூடத்தில் ஈரம் அதிகம் என்று ஜன்னலை அடைத்தார், பிறகு சூடு அதிகம் என்று திறந்தார். அண்ணன் ஒருமுறை ரோலில் ஏதாவது இருக்குமோ என்று கேட்டதற்கு, சீல் வைத்து வருகிற ரோலில் என்ன இருக்கும், மெஷினைப் பார் என்று கடுகடுத்தார். கோளாறு மெஷினில்தான் இருக்க வேண்டும் என்று அவர் வேண்டிக்கொண்டிருந்த மாதிரி இருந்தது. மெஷினில் இருந்தால் பழுது பார்த்துவிடலாம். அதற்குள் ஊரில் எங்கள் கடைக்குப் பேய்க் கடை என்று பேராகிவிட்டது. கல்யாண வீட்டுக்காரர்கள் யாரும் வரவில்லை. கடையை மூட வேண்டியதுதான் என்று அண்ணன் என்னிடம் சொன்னார்.

கடைசியில் மதுரையிலிருந்து சர்வீஸ் இன்ஜினியர் வந்தார். சிவந்த, குண்டான, வெற்றிலை போடுகிற மனிதர். எங்கள் கதையைக் கேட்டுச் சிரிக்கவில்லை. கைதானே, பார்த்துவிடலாம் என்று, ஏதோ பல்லி விழுந்துவிட்டது போலச் சாதாரணமாகச் சொன்னார். ஒரு புது ரோலை எங்கள் எல்லோர் கண்முன்னாலும் சீல் உடைத்து மாட்டி, படமே இல்லாமல் வெறும் கறுப்பை ஓட்டச் சொன்னார். ரோல் முழுக்க. முதலாளி சரி என்று தலையாட்டினார். வெளியே வந்த கறுப்பை, துணி உலர்த்துவதற்காக முன்பு கட்டியிருந்த பின்பக்க நீளக் கொட்டகையில் நானும் அண்ணனும் விரித்துக்கொண்டே போனோம். முதலில் ஒன்றுமில்லை. பிறகு ஒரு கை. கொஞ்ச தூரம் தள்ளி இன்னொன்று. பிறகு ஒன்றன் பின் ஒன்றாக, ஒரே ஓரத்தில், ஒரே திசையைப் பார்த்து, இருட்டுக்குள் யாரோ தரையைத் தடவிக்கொண்டே தவழ்ந்து போன மாதிரி வரிசையாகக் கைகள். எல்லாவற்றிலும் அந்த இரண்டு விரல்கள் குட்டை. நான் கொட்டகைத் தூணைப் பிடித்துக்கொண்டேன்.

இன்ஜினியர் டேப்பை எடுத்துக் கைக்கும் கைக்கும் இடையே அளந்துகொண்டே போனார். ரோலின் உள்பக்கம் போகப் போக இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. மெஷின் உருளையில் கறை இருந்தால் இடைவெளி எங்கும் ஒரே மாதிரி இருக்கும், இது ரோலின் பருமனுக்குத் தக்கபடி மாறுகிறது, அதனால் ரோலைச் சுற்றும்போது சுற்றுக்கு ஒருமுறை யாரோ வெறுங்கையால் தட்டியிருக்கிறார்கள் என்றார். உள்ளங்கை எண்ணெய் வினைல் பூச்சில் ஏறிவிட்டால் இங்க் பிடிக்காது. முதலாளி நம்பவில்லை. இன்ஜினியர் இன்னொரு ரோலைப் பிரித்து, அச்சே ஆகாத வெள்ளை வினைலைக் கொஞ்சம் இழுத்து, டீக்கடையிலிருந்து கொதிக்கிற கெண்டி ஒன்றை வாங்கிவரச் சொல்லி, ஆவியை அதன்மேல் காட்டினார். வெள்ளையில் ஒன்றுமே இல்லாத இடத்தில், ஆவி படிந்து, கண் எதிரே ஒரு கை மெல்ல விரிந்தது. ஆவி அடங்கியதும் அதுவும் மறைந்துவிட்டது.

"இது உங்க மெஷின்ல இல்ல சார். ரோலு சுத்துற எடத்துல இருக்கு," என்றார் இன்ஜினியர். "திருமங்கலம் பக்கத்துல ரோல் கம்பெனிக்காரவுக டிப்போ. பெரிய ரோல வெட்டி, கடைக்குக் கடை பேரு எழுதிச் சுத்துவாங்க. ஆனா வேற எந்தக் கடையிலயும் இந்தக் கம்ப்ளெய்ண்ட் இல்ல. உங்க ரோலுல மட்டும் ஏன்னுதான் தெரியல."

அவர் கிளம்பிப் போன பிறகு முதலாளி முன்னறையில் ஃபேனுக்கு அடியில் போய் நின்றார். சற்று நேரம் கழித்து என்னைக் கூப்பிட்டார். அக்காவின் படத்தைக் கழற்றி மேஜைமேல் கவிழ்த்து வைத்திருந்தார்.

"அது சாகலம்மா," என்றார். "நாங்கதான் செத்துட்டதாச் சொன்னோம்."

ஆஸ்பத்திரியில் துணைக்கு இருந்தது யூனிட்டில் மெஷின் பழுது பார்த்த ஃபிட்டர். கை ஆறி வீட்டுக்குக் கிளம்ப வேண்டிய நாளில், அக்கா அவரோடு போய்விட்டது. வேறு ஆட்கள், வேறு கோவில். அப்பா ஊருக்கு வந்து கை செப்டிக் ஆகிச் செத்துவிட்டது என்று சொன்னார். வீட்டிலிருந்த அதன் சேலைகளை அய்யனார் கோவில் போகிற வழியில் ஆற்றங்கரையில் வைத்து எரிக்கச் சொன்னார். தீ வைத்தது அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்த தம்பி, அதாவது எங்கள் முதலாளி. பிறகு எந்தத் தகவலும் வரவில்லை. அவர்களும் தேடவில்லை. வருடம் தவறாமல் மாலை மாற்றி மாற்றி, அவருக்கே அது செத்துப்போனதாகத்தான் மனசில் ஆகிவிட்டதாம். தெருமுனையில் அந்தக் கையைப் பார்த்தபோது அக்கா உயிரோடிருக்கிறது என்று தோன்றவே இல்லை என்றார். ஆவியாக வந்து நிற்கிறது என்றுதான் தோன்றியதாம். இதைச் சொல்லும்போது அவர் குரல் மாறவே இல்லை. கண் மட்டும் அந்தக் கவிழ்த்த படத்தை விட்டு நகரவில்லை.

காலைப் பாசஞ்சரில் திருமங்கலம் போனோம். பெண்பிள்ளை ஒன்று கூட வந்தால் அது பேசும் என்று என்னை அழைத்துக்கொண்டார். டிப்போ ஊருக்கு வெளியே, மெயின் ரோட்டை ஒட்டி ஒரு நீளமான தகரக் கொட்டகை. எதிரே வேப்பமரத்தடியில் ஒரு டீக்கடை. முதலாளி அங்கேயே உட்கார்ந்துவிட்டார். நீ போய்ப் பார்த்துவிட்டு வா என்று மட்டும் சொன்னார்.

ரோலில் ஒரு குறை என்று சொல்லி உள்ளே போனேன். வரிசையாக நின்று பெண்கள் ரோல் சுற்றிக்கொண்டிருந்தார்கள். எல்லோர் கையிலும் வெள்ளைத் துணி உறை. வெள்ளை வினைல்மேல் வெள்ளைக் கைகள் சத்தமில்லாமல் போய் வந்துகொண்டிருந்தன. யாருடைய விரலையும் பார்க்க முடியவில்லை. நான் தேடி வந்த ஒன்றே ஒன்றும் அங்கே மூடி வைக்கப்பட்டிருந்தது. வரிசையின் கடைசி வரை நடந்தேன். கடைசிக்கு முந்தின மெஷினில் நின்ற பெண்ணின் வலது உறையில், இரண்டு விரல்களின் நுனி உள்ளே எதுவும் இல்லாமல் தொங்கி ஆடியது.

முகத்தைப் பார்த்தேன். தலை பாதி நரைத்திருந்தது. சடை இல்லை, கொண்டை. படத்தில் சிரிக்கலாமா என்று யோசித்த அந்த வாய் மட்டும் அப்படியே இருந்தது. மாலை போட்டுப் பார்த்துப் பழகிய முகம் மூச்சு விடுவதைப் பார்க்கும்போது வந்த பயத்தை இன்றும் என்னால் விளக்க முடியாது. செத்தவரைப் பார்த்திருந்தால்கூட அவ்வளவு பயந்திருக்க மாட்டேன். ராஜபாளையத்திலிருந்து வருகிறேன் என்று கடைப் பேரைச் சொன்னேன். அவர் சுற்றுவதை நிறுத்தவில்லை.

"கறை தெரியுதாக்கும்," என்றார்.

தெரிகிறது என்றேன்.

"தெரியட்டும்னுதான். உங்க கடை பேரு எழுதுன ரோலு வந்தா மட்டும் உறையக் கழத்திருவேன். எங்க அப்பா பேருல்லா அது. துணி சுத்துன காலத்துல ஒவ்வொரு ரோலையும் அவரு கைய வச்சுத் தடவிப் பாத்துத்தான் அனுப்புவாரு. இதையும் தடவுவாரு, அவரு கை என் கையில படும்னு."

அப்பா இறந்து சில வருடங்கள் ஆகிவிட்டன என்பதை நான்தான் சொல்ல வேண்டியதாயிற்று. அப்போதுதான் அவர் கை நின்றது. பாதி சுற்றிய ரோல் கொஞ்சம் தானாகப் பின்னால் சுழன்று அடங்கியது. அழவில்லை. உறையின் தொங்குகிற நுனிகளை இன்னொரு கையால் நீவிவிட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, தன் கருமாதியில் சாப்பிட்ட உள்ளூர்க்காரர் ஒருவர் மதுரை பஸ் ஸ்டாண்டில் தன்னைப் பார்த்துப் பையைப் போட்டுவிட்டு ஓடியதைச் சொன்னார். அன்றைக்குத்தான் தான் செத்துப்போனது தனக்கே தெரியும் என்றார். வீட்டுக்காரர் லேத்துப் பட்டறையில் இருக்கிறார், ஒரு மகள் படிக்கிறாள் என்றார். எல்லாம் சொல்லிவிட்டு வாசல் பக்கம் பார்த்தார்.

"தம்பி வந்திருக்கானா? உள்ள வரமாட்டான். சின்னப் புள்ளையிலயே அப்படித்தான்."

சாப்பாட்டு மணி அடித்ததும் அவரே எழுந்து ரோட்டைத் தாண்டி வேப்பமரத்தடிக்குப் போனார். முதலாளி பெஞ்சிலிருந்து எழுந்தவர், எழுந்தபடியே நின்றார். அவர்கள் தெலுங்கில் பேசினார்கள். எனக்குப் புரிந்தது அக்கா என்பதும் நான்னா என்பதும் மட்டும்தான், நான்னா என்றால் அப்பா. பெரும்பாலும் அக்காதான் பேசினார். முதலாளி அந்த உறை போட்ட கையையே பார்த்துக்கொண்டிருந்தார். தொடவில்லை. திரும்பி வரும்போது ரயிலில், வீட்டுக்கு வா என்று கூப்பிட்டதாகவும், செத்தவள் திரும்பி வந்தால் ஊர் பயப்படும், வேண்டாம் என்று அக்கா சொல்லிவிட்டதாகவும் முதலாளி சொன்னார்.

அதற்குப் பின் வந்த ரோல்கள் சுத்தமாக இருந்தன. கறுப்பு ஓட்டினோம், கருநீலம் ஓட்டினோம். ஒரு விரல் தடம்கூட இல்லை. அண்ணனுக்கு உயிர் வந்த மாதிரி ஆகிவிட்டது. ஆர்டர்கள் ஒவ்வொன்றாகத் திரும்பின. முதலாளி மட்டும் ஒவ்வொரு புது ரோலையும் பிரித்ததும் கொஞ்சம் கறுப்பு ஓட்டச் சொல்லி, குனிந்து பார்ப்பார். பளபளவென்று எதுவுமே இல்லாத அந்தக் கறுப்பில் அவர் முகம் மட்டும் மங்கலாகத் தெரியும். கை வந்துகொண்டிருந்த நாட்களைவிட அது வராத அந்த நாட்களில்தான் எனக்குக் கடையில் இருக்க அதிகமாகப் பயமாக இருந்தது. டிப்போவுக்குப் போன் போட்டால், அந்தம்மா கொஞ்ச நாளாக வேலைக்கு வருவதில்லை என்றார்கள். முதலாளி ரிசீவரை வைத்துவிட்டு, வைத்த கையை அதன்மேலிருந்து எடுக்காமல் நின்றுகொண்டிருந்தார். வீடு எங்கே என்று நாங்கள் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை.

முதலாளி இப்போது இல்லை. சில வருடங்களுக்கு முன்னால் காலமானார். கடை கைமாறி, இன்று அந்த இடத்தில் நிற்கிற மெஷின் நாங்கள் ஒருநாள் முழுக்க ஓட்டியதை ஒரு டீ குடித்து வருவதற்குள் ஓட்டிவிடுகிறது. நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் சொந்தமாகச் சின்னதாக ஒன்று வைத்திருக்கிறேன். என்னிடம் வேலை பார்க்கிற பெண்கள் ரோலை வெறுங்கையால்தான் தூக்குகிறார்கள். இப்போதைய சரக்கில் கறை தெரிவதில்லை. அவர்களுக்கு இந்தக் கதையைச் சொன்னால், கடைசியில் அந்த அக்கா என்ன ஆனார் என்பதைத்தான் கேட்கிறார்கள். அதையும் சொல்ல வேண்டும்.

அவர் வந்தார். ஐப்பசி மழை விட்டு வெயில் அடித்த ஒரு முற்பகலில், பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்தே வந்து கடை வாசலில் நின்றார். மகளுக்கு மஞ்சள் காமாலை, அதனால்தான் வேலைக்குப் போகவில்லையாம், இப்போது தேறிவிட்டாள் என்றார். அண்ணன் அவரைப் பார்த்துவிட்டு மெஷினை நிறுத்தாமலே பின்பக்கமாக வெளியேறிப் போனதை இன்று நினைத்தால் சிரிப்பு வருகிறது, அன்று வரவில்லை. உள்ளே வரச் சொன்னதற்கு அக்கா வரவில்லை. அப்பாவுக்குத் தலை முழுகாமல் அவர் வாசலில் கால் வைக்கக் கூடாது என்றார். முதலாளி கார் எடுத்து, என்னையும் ஏற்றிக்கொண்டு, அய்யனார் கோவில் ஆற்றுக்கு ஓட்டினார். எந்தக் கரையில் அந்தச் சேலைகளை எரித்தாரோ அதே இடத்தில் வண்டியை நிறுத்தினார். இடத்தைச் சுட்டிக்காட்டவில்லை, ஆனால் நிறுத்திய விதத்தில் எனக்குப் புரிந்தது. மலையிலிருந்து இறங்கிய தண்ணீர் பனிக்கட்டி மாதிரி இருந்தது. அக்கா சேலையோடு இறங்கி முழுகினார். எழும்பி வர நேரமானபோது, முதலாளி வேட்டி சட்டையோடு அப்படியே தண்ணீருக்குள் போய், உறையில்லாத அந்தக் குட்டை விரல் கையைப் பிடித்துக்கொண்டார். பிறகு அவரும் முழுகினார். யாருக்காக முழுகினார் என்று நான் கேட்டதில்லை.

ஈரத்தோடு திரும்பும் வழியில், மதினி வீட்டில் வண்டியை நிறுத்தச் சொன்னார் அக்கா. மாற்றுச் சேலை கொண்டுவரவில்லை என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. தெருவில் ஆளில்லை. நல்ல மத்தியானம். தலை விரிந்து தண்ணீர் சொட்ட, ஈரச் சேலை ஒட்டிக்கொள்ள அவர் இறங்கி நடந்தபோது, நடந்த இடமெல்லாம் ஈரத் தடம் விழுந்தது. மதினி ஜன்னலில் பார்த்திருக்க வேண்டும். நாங்கள் வாசலுக்குப் போவதற்குள் கதவு சாத்தி உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

அக்கா கதவைத் தட்டவில்லை. ஜன்னல் பக்கம் போய், கம்பிக்குள் வலது கையை நீட்டினார். உள்ளே இருட்டு. மதினியின் மூச்சு மட்டும் கேட்டது.

"நாந்தான் ஏட்டி. தொட்டுப் பாரு."

எவ்வளவு நேரம் அந்தக் கை அப்படியே நீண்டிருந்ததோ தெரியாது. முதலாளி தெருவைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். கடைசியில் உள்ளேயிருந்து விளக்குமாறு பிடித்துக் காய்த்த விரல்கள் வந்து, முதலில் உள்ளங்கையை, பிறகு அந்த இரண்டு குட்டை விரல்களின் நுனியைத் தொட்டன. தொட்ட வேகத்தில் பின்னுக்குப் போயின.

"கை சில்லுனு இருக்கே," என்றார் மதினி.

"ஆத்துல முழுகிட்டு நேரா வாரேன், பெறகு எப்படி இருக்கும்? துண்டு ஒண்ணு குடு, குளுருது."

உள்ளே ஒன்றும் அசையவில்லை. பிறகு பெட்டி திறக்கிற சத்தம் கேட்டது. அதற்கப்புறம் தாழ்ப்பாள்.